ஏழாவது கேள்வி

அம்மாவின் பெயருக்குப் படிவத்தில்
பன்னிரண்டு கட்டம்.
மங்கையற்கரசியை ஜெர்மன் எழுத்தில் அடைத்தால்
கடைசி இரண்டு எழுத்து
வெளியே குளிரில் நிற்கிறது.

பிறந்த நாள், ஜனவரி ஒன்று.
அகதி அலுவலகத்தில் ஒருவர் போட்டுக்கொடுத்தது.
எழுபத்தைந்து முடிந்த தொண்டர்கள்
ஓய்வுபெற வேண்டுமாம்.
நன்றிக் கடிதம் வந்திருக்கிறது,
தூன் நகரப் பூக்கடையில் செல்லும்
நாற்பது பிராங்க் சீட்டோடு.
"நான் பிறந்தது ஆடியிலை.
ஆடி மட்டும் எனக்கு வயசு ஆகேல்லை எண்டு எழுது"
என்கிறாள், வெங்காயம் உரித்தபடி.

மொத்தம் எத்தனை இரவு?
தமிழ்க்கடைக் காலண்டர்கள் ஆறையும் எடுத்து வருகிறாள்.
அமாவாசைக்கும் நல்ல நேரத்துக்கும் நடுவே
பென்சில் வட்டங்கள்.
எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று.
ஒவ்வொரு வட்டத்திலும்
சாகப் போகிற ஒருவர்,
கட்டிலருகே ஒரு நாற்காலி,
கம்பளிச் சட்டைக்குமேல் சேலைத் தலைப்பைச் சுற்றிய
இவள்.

மொழி?
தண்ணி, நோகுதா, நான் இருக்கிறன்.
இவ்வளவுதான் அவளிடம் உள்ள ஜெர்மன்.
மலையில் மாடு வளர்த்த ஸ்பிண்டன் என்கிற கிழவர்
விடியும்வரை தன் மாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தாராம்.
ஒவ்வொரு பெயருக்கும்
இவள் "ஓம்" என்றாளாம்.
"முப்பத்தொண்டு மாடு, தம்பி.
ஒண்டையும் அந்த மனுசன் மறக்கேல்லை."

வீட்டு வேலைக்குக் கட்டம் இல்லை.
புதன்தோறும் பேர்னுக்கு ரயிலேறி
அக்காவின் இரட்டைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போனது,
அக்கா பேசாமல் இருந்த இரண்டு வருடமும்
அந்தப் பிள்ளைகளுக்குக் கால்மேசு பின்னி
பெயர் போடாமல் தபாலில் அனுப்பியது,
இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு
நான் ஓட்டும் முதல் பஸ்ஸில் ஏறி
டிக்கெட்டைக் காட்டி
என் இருக்கைக்குப் பக்கத்தில்
சூடு ஆறாத ரொட்டிப் பெட்டியை வைத்துவிட்டு
அந்நியரைப்போல் பின்னால் போய் அமர்வது.
(எந்த அடுப்பில் சுட்டாள் என்று
இதுவரை நான் கேட்டதில்லை.)

ஏழாவது கேள்வி.
இந்தப் பணியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
ஐந்து கோடு விட்டிருக்கிறார்கள்.

கத்தியைக் கீழே வைத்தாள்.
"தேத்தண்ணி எண்டு எழுது."

பேனா நின்றுவிட்டது.
எனக்குத் தெரியும் அந்தத் தேத்தண்ணி.
மருத்துவமனையின் நான்காம் மாடி.
மூன்று நாளாய் அப்பாவின் கையை விடாதவளை
நான்தான் அனுப்பினேன்,
கீழே போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ,
நான் நிக்கிறன்தானே.
அவள் லிஃப்டில் இறங்கியதும்
எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.
தாழ்வாரத்தில் நின்று பேசினேன்,
குளிர்கால டயர் மாற்றுவது பற்றி.
எட்டு நிமிடம்.

பேப்பர் கோப்பையோடு அவள் திரும்பியபோது
அறையில் அப்பாவும் இல்லை, நானும் இல்லை.
அன்று அழுதாளா
என்று நினைவில்லை.
கோப்பையைக் கவனமாக ஜன்னலோரம் வைத்தாள்,
யாரோ வந்து குடிப்பார்கள் என்பதுபோல.

"எழுதீட்டியே?"
எழுதினேன். ஒரே சொல்.
நான்கு கோடு மிச்சம்.

அன்றிரவு இரண்டரைக்கு அவளுடைய தொலைபேசி.
வேறு யாரும் கிடைக்கவில்லையாம்,
இந்த ஒருமுறை மட்டும் என்றார்களாம்.
கொண்டையை முடிந்துகொண்டே
"படிவத்தைத் தபாலிலை போட்டிட்டியோ?" என்றாள்.
இல்லை என்றேன்.
"போடாதை. கார் திறப்பை எடு."

ஆரே நதிப் பாலத்தில் ஆளில்லை.
நீசன் மலை இருட்டுக்குள் இன்னும் கறுப்பாய் இருந்தது.
வாசலில் இறக்கிவிட்டு
வண்டியைத் திருப்பப் போனேன்.
கண்ணாடியைத் தட்டினாள்.

"அங்கை ரெண்டு நாற்காலி கிடக்கு" என்றாள்.